ஓர் அமர்வு: அமெரிக்கப் பொது நூலகங்களை அளந்த கதை

நூலகங்களைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் புத்தகங்களைப் பற்றிய கட்டுரைகளாகவே முடிந்துவிடுகின்றன. பழுப்பேறிய தாள்கள், உறுப்பினர் அட்டை, அலமாரிகளுக்கிடையே தற்செயலாகக் கண்டெடுத்த ஒரு நாவல். நானும் அப்படிச் சில பக்கங்கள் எழுதியவன்தான். இந்தக் கட்டுரை அலமாரிகளுக்கு எதிர்ப்புறம், சுவரோரமாக வரிசையில் வைக்கப்பட்டிருக்கும் கணினிகளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொல்வதானால், அவற்றால் யாருக்கு என்ன பயன் விளைகிறது என்பதைக் கண்டறிய அமெரிக்காவில் நடந்த முயற்சிகளைப் பற்றியது. அந்த முயற்சியின் வேர் கணினி தோன்றுவதற்கு வெகு முன்பே ஊன்றப்பட்டது என்பதால், கதையை நூறாண்டுகளுக்கு அப்பாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு காட்சி. 2009ஆம் ஆண்டு, பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில் வசித்து வந்தேன். அவ்வூரின் பொது நூலகத்தில் எட்டுக் கணினிகள். ஒரு பிற்பகல், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் எனக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். வேலை போய்விட்டது, வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மின்னஞ்சல் முகவரி அவருக்கு இல்லை. சுட்டியை மேசைமீது நகர்த்துவதற்குப் பதிலாகத் தூக்கித் தூக்கி வைத்தார். திரையின் மூலையில் அறுபது நிமிடக் கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. நூலகப் பணியாளரான பெண்மணி தம் மேசையை விட்டு எழுந்து வந்து அவர் அருகில் நின்றார். இரண்டு முறை நேரத்தை நீட்டித்தார். மாலை ஆறு மணிக்குச் சற்று முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அன்றைய கணக்கில் நூலகம் அதை எவ்வாறு பதிவு செய்தது என்று பின்னொரு நாள் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். "ஓர் அமர்வு" என்றார்.

அந்த விடையிலிருந்துதான் இந்தக் கட்டுரைக்கான தேடல் தொடங்கியது.

*

அமெரிக்காவின் பொது நூலக வரலாற்றில் ஆண்ட்ரூ கார்னகியைத் தவிர்த்துவிட்டு நகர முடியாது. இரும்பாலைகளில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு அவர் அந்நாட்டில் மட்டும் 1,600க்கும் மேற்பட்ட பொது நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். உலகெங்கும் சேர்த்தால் எண்ணிக்கை 2,500ஐத் தாண்டும். நிபந்தனை எளிமையானது. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும். கட்டடத்திற்கான தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென ஊரே ஒதுக்க வேண்டும். கட்டடத்திற்குத்தான் கார்னகி பணம் தந்தார். புத்தகத்திற்கோ நூலகருக்கோ தரவில்லை. விண்ணப்பங்கள் அனைத்தையும் கையாண்டவர் அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம். பெரும்பாலும் எல்லாம் கடிதம் வழியாகவே நடந்தன. (கார்னகி ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தும் இயக்கத்தின் புரவலர், ஆகவே பெர்ட்ராமின் கடிதங்களும் அந்தச் சிக்கனமான எழுத்துக்கூட்டலிலேயே அமைந்தன. ஓரெழுத்தைக்கூட வீணாக்காத மனிதர்.)

கட்டி முடித்த பின் அந்தக் கட்டடங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளனுப்பும் எண்ணம் 1915இல்தான் வந்தது. கார்னகி நிறுவனம் ஆல்வின் ஜான்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியரை அமர்த்தியது. அவர் சில வாரங்கள் பயணம் செய்து ஏறத்தாழ நூறு நூலகங்களை நேரில் கண்டார். அவர் கண்டவை கடிதங்களில் வராதவை. பத்து விழுக்காடு தருவதாக வாக்களித்த ஊர்கள் சில அதைத் தராமலிருந்தன. பயிற்சி பெற்ற நூலகர்கள் அரிதாக இருந்தனர். நல்ல நூலகர் வாய்த்த இடத்தில் நூலகம் உயிரோடிருந்தது. வாய்க்காத இடத்தில் அழகிய கட்டடம் ஒன்று நின்றது. ஆகவே கட்டடம் கொடுப்பதைக் காட்டிலும் நூலகர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே பயன் தரும் என்றும், நன்கொடை அளித்த பின்னும் நூலகங்களை நேரில் சென்று பார்க்க ஏற்பாடு வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார்.

பெர்ட்ராமுக்கு இது பிடிக்கவில்லை. ஊருக்குக் கட்டடம் கொடுத்த பின் அதை நடத்துவது ஊரின் பாடு, நியூயார்க்கிலிருந்து மேற்பார்வை செய்வது கார்னகியின் நோக்கத்திற்கு மாறானது என்பது அவர் தரப்பு. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அறிக்கை உடனடியாக ஏற்கப்படவில்லை. ஆனால் 1917இல், போர்க்காலத்தைக் காரணம் காட்டி, புதிய நூலகக் கட்டடங்களுக்கான நன்கொடை நிறுத்தப்பட்டது. 1923இல் அதே நிறுவனத்திற்காகச் சார்லஸ் வில்லியம்சன் எழுதிய மற்றோர் அறிக்கை நூலகர் கல்வியைப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டு சென்றது. ஜான்சன் சொன்னதன் பாதி, எட்டாண்டுகள் கழித்து வேறொருவர் வழியாக நிறைவேறியது.

இந்தக் காலத்தை ஒட்டித்தான் நம் ரங்கநாதனின் பயணமும் நிகழ்ந்தது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சி. இரா. அரங்கநாதன் லண்டனுக்குச் சென்று, அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் கண்டு, அடுத்த ஆண்டு சென்னை திரும்பினார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகாமல் காப்பது பற்றியது. கணித ஆசிரியராக இருந்தவர் நூலகத்தை அளக்க நேரத்தை அலகாகக் கொண்டது எனக்கு வியப்பளிக்கவில்லை. அறுபது நிமிடக் கடிகாரத்தின் முன் திணறிய அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் நான்காம் விதி நினைவுக்கு வரும்.

*

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சற்று வேகமாகக் கடக்கலாம். அமெரிக்க நூலகச் சங்கம் 1933 முதல் 1966 வரை தேசிய அளவிலான தரங்களை வகுத்து வெளியிட்டு வந்தது. இத்தனை மக்களுக்கு இத்தனை நூல்கள், இத்தனை பணியாளர்கள் என்ற வகையிலான கணக்கு அது. உள்ளே செல்வதை எண்ணுவது. வெளியே வருவதை அல்ல. பணக்கார ஊர்கள் எளிதில் தேறின. ஏழை ஊர்கள் தேறவில்லை. அதற்குமேல் அந்தக் கணக்கு எதையும் சொல்லவில்லை.

1980களில் பொது நூலகச் சங்கம் இந்தப் பாதையைக் கைவிட்டது. எல்லா ஊருக்கும் ஒரே தரம் என்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு நூலகமும் தன் ஊரைப் பார்த்துத் திட்டமிடட்டும் என்றது. 1982இல் வெளியான அளவீட்டுக் கையேடு ஒன்று வாசகரின் கையில் ஒரு சிறு படிவத்தைக் கொடுக்கச் சொன்னது. தேடி வந்த நூல் கிடைத்ததா? கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா? எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதே மதிப்பெண். அலமாரியில் எத்தனை நூல்கள் இருந்தாலும், வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் கணக்கில் அது தோல்வி. இவ்வளவு எளிய கேள்விக்கு வந்து சேர அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் இணையம் வந்தது. நூலகங்கள் மீண்டும் பொருள்களை எண்ணத் தொடங்கின.

நூலகங்களில் கணினி அதற்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் உருவாக்கிய 'மார்க்' என்ற பட்டியல் முறையும், 1967இல் ஒஹாயோவில் கல்லூரி நூலகங்கள் கூடி அமைத்த கூட்டுறவுப் பட்டியலும் நூலகங்களின் உள்வேலையை அடியோடு மாற்றியிருந்தன. ஆயினும் அவை மேசைக்கு அப்பாலிருந்த இயந்திரங்கள். வாசகர் தம் சொந்த வேலைக்காகக் கணினியின் முன் அமர்வது பரவலானது 1990களில்தான்.

1994இல் சார்லஸ் மெக்ளூர், ஜான் கார்லோ பெர்ட்டோ, டக்ளஸ் ஸ்வைசிக் ஆகியோர் தேசிய ஆணையம் ஒன்றுக்காக நடத்திய கணக்கெடுப்பில், பொது நூலகங்களுள் 20.9 விழுக்காட்டுக்கு மட்டுமே இணைய இணைப்பு இருப்பதாகத் தெரிந்தது. பெருநகர நூலகங்கள் பெரும்பாலும் இணைந்திருந்தன. மிகச் சிறிய ஊர்களின் நூலகங்களோ மிகப் பின்தங்கியிருந்தன. இணைப்புப் பெற்றவற்றிலும் பலவற்றில் அது பணியாளரின் மேசையோடு நின்றது. இதே ஆய்வாளர்கள் தொடர்ந்து நடத்திய கணக்கெடுப்புகளில் அந்த எண் 1996இல் 44.6, 1998இல் 83.6, 2000இல் 95.7 என ஏறி, 2004இல் 99.6 விழுக்காட்டைத் தொட்டது. ஒரு நாட்டின் பொது நிறுவனங்கள் பத்தே ஆண்டுகளில் இவ்வாறு மாறியது அபூர்வம்.

அந்த ஏற்றத்திற்குப் பின்னால் இரண்டு பணப்பெட்டிகள் இருந்தன. ஒன்று அரசினுடையது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணைப்புக் கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி தரும் 'ஈ-ரேட்' திட்டம் பிறந்தது. ஆண்டு உச்சவரம்பு 225 கோடி டாலர். மற்றொன்று பில் கேட்ஸுடையது. 1997இல் அவர் நூலகங்களுக்கென 20 கோடி டாலரை ஒதுக்க, அதே மதிப்பிலான மென்பொருளை மைக்ரோசாஃப்ட் தருவதாக அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 11,000 நூலகங்களில் 40,000க்கும் மேற்பட்ட கணினிகள் நிறுவப்பட்டன. வறியோர் மிகுந்த ஊர்களுக்கு முன்னுரிமை.

கேட்ஸைப் புதிய கார்னகி என்று எழுதியவர்கள் உண்டு. ஒப்பீடு பாராட்டாகத்தான் சொல்லப்பட்டது. ஆனால் ஜான்சனின் அறிக்கையை அறிந்தவர்களுக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் கேட்டிருக்கும். கட்டடம் ஐம்பது ஆண்டுகள் தாங்கும். கணினி ஐந்தாண்டுகளில் கிழடாகிவிடும். கேட்ஸ் அறக்கட்டளை தன் ஆட்களை அனுப்பி நூலகர்களுக்குப் பயிற்சியளித்தது என்பதையும், பழைய கணினிகளை மாற்றப் பின்னர் மானியங்கள் தந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கார்னகியிடம் இல்லாத எச்சரிக்கை அது. எனினும் மாற்றும் செலவு இறுதியில் ஊரின் தலையில்தான் விழுந்தது.

அரசுப் பணத்திற்கும் ஒரு விலை இருந்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் நிறைவேறிய சட்டத்தின்படி, இணையத்திற்கான கூட்டரசு உதவியைப் பெறும் நூலகங்கள் தங்கள் கணினிகளில் வடிகட்டி மென்பொருள் நிறுவ வேண்டும். நூலகச் சங்கம் வழக்குத் தொடுத்தது; 2003இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உதவியே வேண்டாம் என்று விலகிய நூலகங்களும் உண்டு.

*

99.6 விழுக்காடு என்பது முடிந்துபோன வேலையைப் போலத் தோற்றமளிக்கும் எண். அந்தத் தோற்றம் 2005 ஆகஸ்டில் கலைந்தது. கத்ரீனா புயல் வளைகுடாக் கரையோரத்தைச் சிதைத்தபோது, வீடிழந்தவர்கள் கூட்டரசின் பேரிடர் உதவிக்கு விண்ணப்பிக்க நூலகங்களைத் தேடி வந்தனர். காணாமற்போன உறவினரைத் தேடவும், தங்கள் தெரு மிஞ்சியிருக்கிறதா என்று செயற்கைக்கோள் படங்களில் பார்க்கவும் அதே கணினிகள்தாம். அரசின் இணைய விண்ணப்பமோ அப்போது 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6' என்ற ஒற்றை உலாவியில் மட்டுமே திறந்தது! அங்கே நூலகர் செய்த வேலைக்கு எந்தப் படிவத்திலும் பெயரில்லை. புயலுக்குப் பிந்திய ஆய்வுகளில் மெக்ளூரும் பெர்ட்டோவும் அவர்களுடைய சகாக்களும் இதை விரிவாகப் பதிவு செய்தனர். இணைப்பு உண்டா இல்லையா என்று பதினோராண்டுகளாகக் கேட்டு வந்தவர்களே, அந்தக் கேள்வி போதாது என்று முதலில் உணர்ந்தவர்களும் ஆனார்கள். 2007இல் வெளியான அறிக்கையில், தங்கள் ஊரில் இலவச இணையம் கிடைக்கும் ஒரே இடம் தாங்கள்தான் என்று 73 விழுக்காடு நூலகங்கள் தெரிவித்திருந்தன.

2010 மார்ச்சில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு நூலகத்தை விட்டுவிட்டு நேரே மக்களிடம் சென்றது. முந்தைய ஆண்டில் 14 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், அதாவது 7 கோடியே 70 இலட்சம் பேர், நூலகக் கணினியையோ கம்பியில்லா இணைப்பையோ பயன்படுத்தியிருந்தனர். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்களில் 44 விழுக்காடு. பயனர்களில் பத்தில் நால்வர் வேலை தொடர்பாக வந்தவர்கள். செய்தித்தாள்கள் இந்த எண்களை எடுத்துக்கொண்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பயனர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர், தமக்காக மட்டுமின்றிப் பிறருக்காகவும் நூலகக் கணினியில் அமர்ந்திருந்தனர்.

நான் முதலில் சொன்ன அந்த மனிதர் இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். உடன் மற்றொருவர், அதே வேலையிடத்திலிருந்து அனுப்பப்பட்டவராம். இம்முறை நாற்காலியில் அமர்ந்தவர் நண்பர். பின்னால் நின்று விரலை நீட்டிச் சொல்லிக்கொடுத்தவர் இவர். அதுவும் ஓர் அமர்வு.

*

இந்தப் பின்னணியில்தான் 'எட்ஜ்' என்ற மதிப்பீட்டு முறை உருவானது. கேட்ஸ் அறக்கட்டளையின் பொருளுதவியோடு, நகர்ப்புற நூலக மன்றத்தின் தலைமையில் பல அமைப்புகள் 2011 முதல் கூடி உழைத்து, 2014 ஜனவரியில் நாடெங்கும் வெளியிட்டன. நூலகம் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் முறை இது. 11 அளவுகோல்கள், அவை மூன்று தொகுதிகள்: சமூகத்திற்குத் தரும் பயன், ஊராரோடும் முடிவெடுப்போரோடும் உள்ள தொடர்பு, நிர்வாகம். எத்தனை கணினிகள், இணைப்பின் வேகம் என்ன என்ற கேள்விகள் இதிலும் உண்டு. ஆனால் அவை கடைசித் தொகுதிக்குத் தள்ளப்பட்டுவிட்டன. வேலை தேடுவோருக்கு உதவி உண்டா, ஊரின் தேவையைக் கேட்டறிகிறீர்களா என்பன முன்னால் வந்தன. ஜான்சன் 1915இல் பயணம் செய்து கேட்டவற்றை, நூறாண்டு கழித்து ஒரு படிவம் கேட்டது.

குறை இல்லாமலில்லை. தன்னைத்தானே மதிப்பிடுபவர் தாராளமாக மதிப்பெண் இடுவார் என்பது ஒன்று. ஒற்றைப் பணியாளர் உள்ள நூலகத்தில் இவ்வளவு பெரிய படிவத்தை நிரப்பும் நேரமே ஒரு சுமை என்பது மற்றொன்று. இறுதியில் கிடைக்கும் மதிப்பெண்ணைக் காட்டிலும், அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு நூலகரும் நகர்மன்றமும் ஒரு மேசையில் அமர்வதுதான் பயன் என்பது என் கருத்து. அப்படி அமர்ந்த ஊர்கள் பயனடைந்திருக்கும். மதிப்பெண்ணைச் சுவரில் மாட்டிய ஊர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்ஸ் அறக்கட்டளை தன் நூலகத் திட்டத்தை 2018இல் முடித்துக்கொண்டது.

இதற்கிடையே வேறொரு சிக்கல் எழுந்தது. கைப்பேசிகள் பரவியதும் நூலகக் கணினிகளில் அமர்வுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறையத் தொடங்கியது. வரவுசெலவுத் திட்டத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இது தெளிவான சைகை: தேவை குறைகிறது, செலவையும் குறைக்கலாம். ஆனால் கைப்பேசியிலேயே வேலையை முடிக்கத் தெரிந்தவர்கள் விலகிய பின் எஞ்சியவர்கள் யார்? கைப்பேசியின் சிறு திரையில் பத்துப் பக்க விண்ணப்பத்தை நிரப்ப இயலாதவர்கள், அச்சிட வேண்டியவர்கள், அருகில் ஒருவர் நின்றாக வேண்டியவர்கள். அமர்வுகள் குறையக் குறைய, ஒவ்வோர் அமர்வும் நீண்டது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கட்டடங்கள் மூடப்பட்டபோது பல நூலகங்கள் கம்பியில்லா இணைப்பை மட்டும் அணைக்காமல் விட்டன. வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் அமர்ந்து பிள்ளைகள் பாடம் படித்தனர். வாயிற்கதவின் எண்ணியோ பூச்சியம் காட்டியது. இணைப்பை வீட்டுக்கே இரவல் தரும் கையடக்கக் கருவிகளுக்கு ஈ-ரேட் பணத்தைச் செலவிடலாம் என்று தொலைத்தொடர்பு ஆணையம் 2024 ஜூலையில் அனுமதித்தது. 2025 செப்டம்பரில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஆண்டுதோறும் பொது நூலகங்களின் கணக்கைத் தொகுக்கும் கூட்டரசு நிறுவனத்தையே பெருமளவு சுருக்கச் சொல்லும் ஆணை 2025 மார்ச்சில் பிறந்தது. பல மாநிலங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.

நான் வசித்த அந்தச் சிற்றூரில் எட்ஜ் வருவதற்கு முன்பே ஒரு மதிப்பீட்டு முறை இருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். அந்தப் பெண்மணி தம் மேசை இழுப்பறையில் கோடு போட்ட நோட்டு ஒன்றை வைத்திருந்தார். தேதி, என்ன வேலைக்காக வந்தார்கள், தாம் எத்தனை நிமிடம் அருகில் நின்றார், வேலை முடிந்ததா இல்லையா, பெயர் கிடையாது. சனிக்கிழமை நேரத்தைக் குறைப்பது பற்றி நகர்மன்றம் பேசிய ஆண்டில் அதன் சில பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு கூட்டத்திற்குப் போனார். நேரம் குறைக்கப்படவில்லை. நோட்டுதான் காரணமா என்று கேட்டேன்.

"ஏழு பேருக்குக் கொடுத்தேன். இரண்டு பேர் படித்தார்கள்" என்றார். பிறகு யாரோ கூப்பிட, எழுந்து கணினிகளின் பக்கம் போனார்.